சாரல் நோட்டின் வலது பக்கம்

நான் ஆலங்குளத்துக்காரி. பதினாறு வருஷமாகத் தென்காசியில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் காலையில் நான் பஸ் ஏறும்போது எங்கள் ஊரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். பாவூர்சத்திரம் தாண்டியதும் ஜன்னல் காற்று குளிரத் தொடங்கும். தென்காசியில் இறங்கினால் சாரல் குடைக்கு அடியில் புகுந்து முகத்தில் அடிக்கும். சாயங்காலம் பள்ளி விட்டதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மறுபடியும் புழுதிக்கே வந்து சேர்ந்துவிடுவேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்புக்கு இதுவும் ஒரு காரணம். தென்காசியின் மழையை நான் பார்ப்பது பள்ளி நேரத்தில் மட்டும்தான். நான் போன பிறகு பெய்வது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வாரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதையே ஒரு மாதம் பேசிக்கொண்டிருப்போம்.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் மழையைப் பற்றி ஒரு பாடம் வரும். கடல், ஆவி, மேகம், துளி, மறுபடியும் கடல் என்று அம்புக்குறி போட்டுச் சுற்றும் படம். வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் வரைந்து எனக்கே அலுத்துப் போயிருந்தது. ஒருநாள் வரைந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, நான் சாக்பீஸில் வரைந்த மேகம் நனைந்து வழிந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நிஜ மழை நிற்கும்போது உள்ளே எதற்குப் பொய் மழை என்று தோன்றியது.

அப்படித்தான் சாரல் நோட்டு தொடங்கியது. இது நடந்து இரண்டு சீசன் ஆகிறது. இருபத்திரண்டு பிள்ளைகளும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு காலி தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார்கள். பாட்டிலின் தலையை நான் வெட்டிக் கொடுத்தேன். அந்தத் தலையைக் கவிழ்த்து வாய்க்குள்ளேயே புனலாகச் செருகிக்கொண்டார்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார், பாட்டிலின் அடிப்பக்க மேடு பள்ளத்தில் ஆளுக்கொரு கரண்டி சிமெண்டுக் கலவை போட்டுச் சமமாக்கிக் கொடுத்தார். “காத்துக்கும் பறக்காது டீச்சர்” என்றார். வெளியே சென்டிமீட்டர் கோடு போட்ட காகிதப் பட்டை, அதன் மேல் டேப். மழைமானி தயார்.

திங்கட்கிழமை காலையில் பாட்டிலைக் காலி செய்து வெட்டவெளியில் வைக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்புமுன் கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பார்த்து, நோட்டின் இடது பக்கத்தில் எண்ணை எழுத வேண்டும். இடையில் தொடக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் மழைக்குக் கோபம் வந்துவிடும் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் தொடாதே என்று சும்மா சொன்னால் கேட்பார்களா?

நோட்டின் வலது பக்கம் வேறு விஷயத்துக்கு. இந்த வாரம் சாரலால் உங்கள் வீட்டில், தெருவில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டு எழுத வேண்டும். இடது பக்கம் அறிவியல், வலது பக்கம் சமூகவியல் என்று பெரிய டீச்சரிடம், அதாவது எங்கள் தலைமையாசிரியையிடம், பெருமையாகச் சொன்னேன். வட்டாரக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

வலது பக்கங்கள் படிக்கப் படிக்கச் சுவையாக இருந்தன. ‘சவூதியிலிருந்து வாப்பா போன் பேசினாங்க. போனை ஜன்னல்கிட்ட வைக்கச் சொன்னாங்க. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. ‘அம்மா சுற்றிய பீடி நமுத்துப் போனது’ என்று ஒன்று. ‘சர்ச் முடிந்தும் யாரும் வெளியே வரவில்லை, அதனால் இன்னொரு பாட்டுப் பாடினோம்’ என்று ஒன்று. ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி அருவியில் தண்ணீர் கூடிவிட்டது. புதன்கிழமை குளிக்க விடவில்லை. மதுரை மாமா குளிக்காமலே ஊருக்குப் போய்விட்டார்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். நான் அதில் ‘அருவி’க்கு ‘று’ போட்டிருந்ததைச் சுழித்து, திருத்தி, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். நான் படித்த லட்சணம் அவ்வளவுதான்.

முதல் திங்கட்கிழமை எல்லாரும் எண்ணைச் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன். இரண்டு, இரண்டு, இரண்டரை, மூன்று, இரண்டு. நடுவில் ஒரு பெண் குழந்தை எழுந்து, “ஏழு டீச்சர்” என்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுகிற பிள்ளை. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்திருப்பாள், ஒரு முனை உடைந்தால் நேரம் வீணாகக் கூடாதாம். அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிற வேலைக்குப் போகிறவர். காலையில் மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு அப்படியே குற்றாலம் பஸ் ஏறிவிடுவார். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

“ஏழா? பாட்டிலை எங்கன வச்ச?” என்று கேட்டேன். பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் என்றாள். பக்கத்தில் தகரக் கூரை உண்டா என்றேன், உண்டு என்றாள். கூரைத் தண்ணீர் சொட்டியிருக்கும், நடு முற்றத்தில் வை என்று சொல்லி, அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதாமல் விட்டேன். இதுவரை என் மேல் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டாவது திங்கட்கிழமை மற்றவர்களுக்கு மூன்று, இரண்டரை, மூன்று. அவளுக்கு ஆறு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்காட்சி அட்டைக்கு இருபத்திரண்டு பட்டைகளையும் ஒரே உயரத்தில் மனதுக்குள் வரைந்து முடித்திருந்தேன். நடுவில் ஒரு பட்டை மட்டும் பனைமரமாக நின்றால் வருகிற அதிகாரி என்ன கேட்பார்?

“ஏட்டி, நடு முற்றத்துல வச்சியா?”

“வச்சேன் டீச்சர்.”

“பொறவு எப்பிடி ஆறு வரும்? ஒங்க வீட்டுக்கு மட்டும் தனியா மேகம் வருதா?”

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

“கொழாயில பிடிச்சியா? உண்மையச் சொல்லு.”

“நான் தொடவே இல்ல டீச்சர்.”

அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அவளுடைய நோட்டை வாங்கி, இடது பக்கத்தில் இருந்த ஏழையும் ஆறையும் சிவப்பு மையால் அடித்து, ‘தவறு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது திங்கட்கிழமை மற்றவர்களுக்கு ஒன்று, ஒன்று, ஒன்றரை. அவள் முறை வந்ததும், “ஒண்ணு டீச்சர்” என்றாள்.

“பாத்தியா, ஒழுங்கா வச்சா ஒழுங்கா வரும்” என்று சொல்லி, அவள் நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டேன். வலது பக்கத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு வாரமும் பக்கம் நிறைய எழுதியிருந்தவள், அந்த வாரம் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அதில் எழுத்துப் பிழை இல்லை, அதனால் நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மதிய இடைவேளையில் வராந்தாவில் ஒரு அம்மா வந்து நின்றார். சேலைக்கு மேல் நீலச் சட்டை, கையில் டார்ச், தோளில் பை. வீடு வீடாகத் தொட்டிகளைப் பார்த்துக் கொசுப்புழுவுக்கு மருந்து ஊற்றுகிற பணியாளர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் பாட்டில் டீச்சரா?” என்றார்.

சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“எந்த மச்சுல ஏறுனாலும் வெட்டுன பாட்டிலு ஒண்ணு நிக்கி, அதுல தண்ணி. நான் சிரட்டையவும் டயரவும் கவுத்திப் போட்டுக்கிட்டு நாயா அலையுதேன். நீங்க ஒரு வகுப்பையே தண்ணி தேக்க வச்சிருக்கிய. படிச்ச நீங்களே இப்பிடிச் செய்யலாமா? புழு வச்சா யாருக்கு டீச்சர் காய்ச்சல் வரும்? இந்தப் பிள்ளையளுக்குத்தான வரும்?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்கா, அது மழை அளக்கதுக்கு. ஒரு வாரந்தான். திங்கக்கெழம பாத்துட்டுக் கொட்டிருவாங்க” என்றேன்.

“புழு கொசுவாகிப் பறக்கதுக்கு அந்த ஒரு வாரம் போதும். அதாம்லா நான் புதன்கெழம தோறும் வந்து கொட்டிட்டுப் போறேன்.”

“கொட்டுதீங்களா?”

“கொட்டாம? பிள்ளைய ஆசையா வச்சிருக்குனுதான் பாட்டில எடுத்துட்டுப் போகல. தண்ணிய மட்டும் கொட்டி, ஒதறி, அதே எடத்துல அப்பிடியே வச்சிருவேன். சாஞ்சிரக் கூடாதுனு சில வீட்டுல கல்லு கூட முட்டுக் குடுத்திருக்கேன், கேட்டுப் பாருங்க.”

திங்கள், செவ்வாய் மழையை எல்லாம் புதன்கிழமை தோறும் இந்த அம்மா நேர்த்தியாகக் கொட்டிவிட்டு, கல்லும் முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மிச்சத்தைத்தான் பிள்ளைகள் அளந்து எழுதியிருக்கிறார்கள். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தால் ஒரு பிள்ளையும் நடுவில் பார்க்கவில்லை. மழைக்குக் கோபம் வரும் என்று சொன்னது நன்றாகவே வேலை செய்திருந்தது.

“எல்லா வீட்டுலயும் கொட்டுனீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எல்லா வீட்டுலயும்தான். பீடி சுத்துத வீடு, எப்பவும் ஆள் இருக்கும். ஒரு வீடுதான் நான் போற நேரமெல்லாம் பூட்டிக் கெடக்கு. குத்தாலத்துல லாட்ஜு வேலைக்குப் போற பொம்பள வீடு. என் நோட்டுல பூட்டு, பூட்டு, பூட்டுனு எழுதி வச்சிருக்கேன், பாக்குதியளா?”

நோட்டைக் காட்டினார். நான்கு புதன்கிழமைகள், நான்கு ‘பூட்டு’.

நான் உள்ளே போய்ச் சாரல் நோட்டுக் கட்டை எடுத்துவந்து அதே வராந்தாவில் வைத்துப் புரட்டினேன். வலது பக்கங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிழை தேடாமல் படித்தேன். செவ்வாய் ராத்திரி அருவியில் வெள்ளம். செவ்வாய்க்கிழமை பீடி நமுத்தது. திங்கள் ராத்திரி கரண்ட் போய்விட்டது, அவ்வளவு மழை. மதுரை மாமா குளிக்காமல் போனது புதன்கிழமை. வாரத்தின் முதல் பாதியில் ஊரே நனைந்து கிடந்ததற்கு இருபத்திரண்டு சாட்சிகள் பிள்ளைகளின் கையெழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் நட்சத்திரம். ஒரே ஒரு பிள்ளையின் நோட்டில்தான் இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போயின. அந்த இடது பக்கத்தில் சிவப்பு மையில் ‘தவறு’ என்று இருந்தது.

“என்ன டீச்சர், மொகம் ஒரு மாதிரி போயிட்டு?” என்றார் அந்த அம்மா. அவருடைய கோபம் அதற்குள் தணிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, டார்ச்சைப் பைக்குள் வைத்தார். பிறகு, “அந்தப் பிள்ள உள்ளதத்தான் சொல்லியிருக்கு” என்றார்.

போகும்போது ஒரு வழியும் சொல்லிவிட்டுப் போனார். “புனல் வாயில கொசுவலத் துணியக் கட்டிருங்க. தண்ணி போகும், கொசு போகாது. வல இருந்தா நான் கை வைக்க மாட்டேன். கிழிசல் இருந்தா கொட்டிருவேன், சொல்லிட்டேன்.” பதினாறு வருஷத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன், டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். என் வகுப்பில் நான் பார்க்கத் தவறியதைக் கோபத்தோடு வந்து சொன்னவர் இவர் ஒருவர்தான். அந்தக் கோபத்துக்கு நான் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். அவர் பொறுமைசாலியாக இருந்து பேசாமல் கொட்டிக்கொண்டே போயிருந்தால், நான் அந்தப் பிள்ளையைப் பொய் சொன்னவளாகவே நாலாம் வகுப்புக்கு அனுப்பியிருப்பேன்.

அன்றைக்கு நான் வழக்கமான பஸ்ஸைப் பிடிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார், கையில் இன்னும் பிளீச்சிங் பவுடர் வாடை இருந்தது. டீச்சர் வீடு தேடி வந்ததில் அவருக்குப் பயம். “என்ன டீச்சர், இவ என்னமும் பண்ணிட்டாளா?” என்றுதான் முதலில் கேட்டார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நானும் நம்பல டீச்சர்” என்றார். “கொழாத் தண்ணியப் பிடிச்சி வச்சி ஏமாத்துனானு பக்கத்து வீட்டுப் பிள்ள வந்து சொல்லிச்சு. வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்புல ரெண்டு அடி வச்சிட்டேன். நான் தொடல, நான் தொடலனு சொல்லிக்கிட்டே இருந்தா. டீச்சர் சொன்னா சரியாத்தான இருக்கும்னு நெனச்சேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்க முயற்சி செய்ததில்லை. மறக்கவும் கூடாது.

அவள் கதவுக்குப் பின்னால் யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தாள். நான் குனிந்து, “தப்பு என்னுதுதாம்ட்டி. நீ சரியாத்தான் பாத்திருக்க. எல்லாரும் இருக்கும்போது ஒன்னைய அப்பிடிக் கேட்டுட்டேன்லா, நாளைக்கு எல்லாரும் இருக்கும்போதே சொல்லுதேன்” என்றேன். அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“அப்ப ஏழு சரியா டீச்சர்?”

“சரி.”

“ஆறு?”

“ஆறும் சரி.”

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்து, “போன வாரம் நெசமா எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். “பாக்கல டீச்சர். பாக்காமலே கொட்டிட்டேன். எல்லார்ட்டயும் கேட்டேன், ஒண்ணுனு சொன்னாவ. நானும் ஒண்ணுனு எழுதிட்டேன்.”

அதற்குத்தான் நான் நட்சத்திரம் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்ன இரண்டு வாரமும் சிவப்பு மை, ஊரோடு ஒத்து எழுதிய வாரம் நட்சத்திரம். மூன்றே வாரத்தில் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவளும் கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர்தான், “விடுங்க டீச்சர், பிள்ளைக்கு ஒண்ணும் மனசுல இருக்காது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்குக் கோபம் வரும் என்றது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவளுடைய நோட்டில் இருந்த சிவப்பு எழுத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் ‘சரி. தவறு டீச்சருடையது’ என்று எழுதி, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, “அப்ப நாங்க எல்லாம் பொய்யா எழுதுனோம் டீச்சர்?” என்று கலங்கிப் போய்க் கேட்டான். இல்லை, பாட்டிலில் இருந்ததை நீங்கள் எழுதினீர்கள், ஏன் அவ்வளவுதான் இருக்கிறது என்று நான்தான் கேட்கவில்லை என்றேன். பிறகு வலது பக்கங்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது நோட்டிலேயே பிடித்துவிட்டார்கள். “டீச்சர், அருவியில குளிக்க விடலனு நான் அப்பவே எழுதியிருக்கேம்லா!” என்று அந்த மதுரை மாமா பையன் பெஞ்சில் ஏறி நின்று கத்தினான். அவன் கத்தியது நியாயம்தான்.

பாட்டில் கொட்டப்படுவதைப் பார்த்த அம்மாக்களும் இருந்தார்கள். “கவருமெண்டு ஆளு கொட்டுதாவ, நாம என்ன சொல்ல முடியும்னு விட்டுட்டேன் டீச்சர்” என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரவர் வேலையை எல்லாருமே ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து ஒரு பழைய கொசுவலையைக் கொண்டுவந்து இருபத்திரண்டு துண்டாக வெட்டினேன். ஆளுக்கொரு ரப்பர் பேண்டு. திங்கட்கிழமை எல்லாரும் பாட்டிலைக் காலி செய்து, வலை கட்டி, புதிதாகத் தொடங்கினோம். புதன்கிழமை அந்த நீலச் சட்டை அம்மா ஒவ்வொரு மச்சாக ஏறி வலையை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் ஆள் வந்த பிறகு தனியாகப் போயிருக்கிறார். நான்கு வாரமாகப் பார்க்காமல் விட்ட தொட்டிக்கும் மருந்து ஊற்றியிருக்கிறார்.

கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அவள் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டிருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டுத்தான். நான் மன்னிப்புக் கேட்டதாலேயே அது போய்விடாது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். இந்தப் பிள்ளை இனிமேல் தன் கண்ணை நம்புவாளா, ஊர் வாயைப் பார்த்து எழுதுவாளா? கண்காட்சி போனால் போகட்டும், இது போனால் நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

அடுத்த திங்கட்கிழமை வந்தது. சாரல் விடாமல் அடித்த வாரம் அது. வரிசையாகக் கேட்டேன். ஏழு, ஏழு, ஏழரை, ஏழு, ஆறரை, ஏழு. பாட்டிலில் உள்ளது உள்ளபடி இருந்தால் எல்லாருக்கும் ஒன்றுபோல வரும் என்று வகுப்புக்கே குதூகலம். கரும்பலகை ஏழாக நிறைந்துகொண்டு வந்தது. அவளுடைய முறை வந்தது.

எழுந்து நின்றாள். நோட்டைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையில் சாக்பீஸ் இருந்தது.

“அஞ்சு” என்றாள்.

“ஏழுல்லா வரணும்” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

“அஞ்சுதான். ரெண்டு தடவ குனிஞ்சு பாத்தேன்” என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். பிறகு என்னிடம், “நான் இன்னும் கொட்டல டீச்சர். வேணும்னா நீங்க வந்து பாருங்க” என்றாள்.

ஏன் ஐந்து என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் மறைத்ததா, காற்று மாறி அடித்ததா, இன்றுவரை தெரியாது. அவள் ஐந்து என்று சொன்னதற்காக அந்த நிமிஷத்தில் அவள் காலில் விழலாம் போல இருந்தது.

“வேண்டாம்ட்டி” என்றேன். “நீ பாத்துட்டல்லா.”

ஏழுகளுக்கு நடுவில் ஐந்து என்று எழுதினேன்.